வெளுத்த கூறு

எங்கள் வீட்டு டீப் ஃப்ரீசரின் சாவி என் தாலிச் செயினில் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கேட்டே விட்டாள், "பீரோ சாவியாக்கும்? வீட்ல வேற யாரையும் நம்ப மாட்டியோ?" என்று. "பீரோ தெறந்துதான் கெடக்கு. இது கறிச் சாவி" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இந்தச் சாவிக்காக மாமியாரோடு மல்லுக்கு நின்றவள் நான். சிரிப்பு எப்படி வரும்?

பெட்டி என்னுடையது. குற்றாலத்தில் பழைய அருவிக்குப் போகிற ரோட்டில் சீசனுக்கு மட்டும் ஐஸ்கிரீம் கடை போடுகிறேன். "சாரல்ல நனைஞ்சு, பல்லு கிட்டிப் போயி வாரவன் ஐஸா திங்கப் போறான்? புத்தி கெட்ட யாவாரம்" என்றார் மாமியார், நான் முதலில் கடை போட்டபோது. தின்கிறான். அருவியில் அரை மணி நேரம் நின்று நடுங்கியவனுக்குத்தான் அந்த ஆசை வருகிறது. உதடு நீலம் பாரித்துப்போய் வந்து, கோன் ஐஸ் கேட்பான். ஆவணி பிறந்து அருவியில் தண்ணீர் மெலிந்து கூட்டம் வடிந்ததும், கடையைப் பிரித்து, பெட்டியைக் குட்டியானை வண்டியில் ஏற்றி சுந்தரபாண்டியபுரத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். அடுத்த ஆனி வரைக்கும் அது அடுக்களைக்குப் பக்கத்தில் கிடக்கும்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். வடக்கே பனி மலையில் வேலை. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் பட்டாளம், மீதிப் பாதி போலீஸ். அதனால் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊரில் இருக்கிற ஆண்களைவிட இல்லாத ஆண்கள்தான் அதிகம்.

ஆவணியில் எங்கள் சுடலைமாடசாமிக்குக் கொடை. வெட்டின கிடாக்களின் கறியைக் கூறு போட்டு, தலைக்கட்டுக்கு ஒரு கூறு என்று கொடுப்பார்கள். எந்த ஆம்பிளை பேருக்கு வருகிறதோ அவன் வாயில் அதில் கொஞ்சமாவது பட வேண்டும், அதுதான் எங்கள் வகையறாவின் வழக்கம். ஊரில் இல்லாதவனுக்கு உப்புக்கண்டம் போட்டு வைப்பார்கள். உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் காயப்போட்டு, அவன் லீவில் வரும்போது வறுத்துக் கொடுப்பார்கள். ஒரு வருஷம் கூட்டம் வடிந்து நான் கடையைப் பிரித்த பிறகும் குற்றாலத்துச் சாரல் விடவில்லை. எங்கள் ஊர் வரைக்கும் வந்து நசநசவென்று தூறிக்கொண்டே இருந்தது. கோத்துக் கட்டின கறியில் ஈ மொய்த்ததே தவிர, காயக் காணோம். "பெட்டி சும்மாதானே கெடக்கு, இதுல போடுவோம்" என்று சொன்னது நான்தான்.

மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "ஐஸ் பெட்டியில பொணத்தைத்தான் வைப்பாக" என்றார். எங்கள் பக்கம் சாவு விழுந்தால் வாடகைக்கு வருகிற கண்ணாடிப் பெட்டியைத்தான் அவர் நினைத்தார். எனக்கு அது புரிந்தது. பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பியவளுக்குப் பெட்டி என்றாலே வேறு நினைப்புதான் வரும். ஆனாலும் வேறு வழி இல்லாததால் சம்மதித்தார். கறிக்கடையில் தருகிற மெல்லிய கவரில் கறியைக் கழுவிப் போட்டு, வாயைச் சுருட்டி முடிந்து, பெட்டிக்குள் வைத்தோம்.

அதற்குப் பிறகு அந்தக் கறி பட்ட பாட்டை யாரிடம் சொல்ல? புரட்டாசி பிறந்தது. சனிக்கிழமை விரதம், வீட்டில் கவிச்சி இருக்கக்கூடாது என்று மாமியார் அதைத் தூக்குவாளியில் போட்டு, பக்கத்து வீட்டு அக்காவின் ஃப்ரிட்ஜில், மேல்தட்டு ஃப்ரீசரில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் திரும்பி வரும். அடுத்த சனிக்கிழமை மறுபடி போகும். ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது, மறுபடி வாளி ஏறியது. கார்த்திகையில் மாமனார் சபரிமலைக்கு மாலை போட்டார். மாலை போட்ட வீட்டில் கறி இருக்கலாமா? போனது போனதுதான், தை பிறக்கிற வரைக்கும் அக்கா வீட்டிலேயே கிடந்தது. அக்கா வீட்டில் ஐஸ்கட்டிக்கும் குல்பிக்கும் அந்தக் கதவை ஓயாமல் திறந்து மூடுவார்கள். கறி மட்டும்தான் அசையாமல் இருந்த பண்டம், அதைத் தாண்டித்தான் எல்லோரும் கையை விட்டு எடுத்தார்கள்.

பெட்டியில் இருந்த நாட்களில் மட்டும் நிம்மதியாகவா இருந்தது? மாமியார் தினமும் மூடியைத் திறப்பார். கவரை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, திரும்ப வைப்பார். என்ன அத்தை என்றால், "ஒண்ணுமில்லட்டி. கெட்டுப் போச்சோன்னு பாத்தேன்" என்பார். கறி அக்கா வீட்டில் இருந்தபோது அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

தை மாதம் என் வீட்டுக்காரர் லீவில் வந்தார். தென்காசி ஸ்டேஷனில் இறங்கினவரைப் பார்த்ததும் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். மூக்கு நுனியும் காது மடலும் கன்னமும் தோல் உரிந்து, வெள்ளை வெள்ளையாகத் திட்டு. "காத்தும்மா, அங்கன உள்ள காத்து அப்படி. ஈரத்தை உறிஞ்சிப் போடும். எண்ணெ தேச்சா சரியாப் போவும்" என்று அவர் சிரித்தார்.

மறுநாள் கறியை எடுத்தோம். கவருக்குள் பொடிப்பொடியாகப் பனி. அதைத் தட்டிவிட்டுப் பார்த்தால் கறியில் சிவப்பு பாதிதான் இருந்தது. மீதி இடமெல்லாம் வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக, தக்கை மாதிரி. மாமியார் கையிலிருந்து சட்டி கீழே விழுந்தது.

"வெளுத்துப் போச்சே! சாமி குடுத்த கூறு வெளுத்துப் போச்சே! அவன் மூஞ்சியப் பாருங்க, இதையும் பாருங்க. சாமி ஏத்துக்கிடல."

கறியை வேக வைத்துப் பார்ப்போம் என்றேன். நாற்றமா வந்தது? இல்லை. பிசுபிசுப்பா? அதுவும் இல்லை. கெட்ட கறி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? யார் கேட்டார்கள்! "அந்தச் சவத்த வெளியே கொண்டு போ" என்று கத்திவிட்டு, மாமியாரே தூக்கிக்கொண்டு போய், தென்னை மரத்து மூட்டில் குழி தோண்டி மூடிவிட்டார். என் வீட்டுக்காரர் முதலில் கேலி செய்தார், பிறகு அம்மா போக்கில் விட்டுவிட்டார். கூறைத் தின்னாமலேயே லீவு முடிந்து ரயில் ஏறினார்.

தெருவில் பேச்சு பரவிற்று. "பட்டாளத்தான் கூறு வெளுத்துட்டாம்லா." தண்ணீர்க் குழாயில், ரேஷன் கடையில், எல்லா இடத்திலும் அதே பேச்சு. ஒருத்தி என்னிடமே வந்து, சங்கரன்கோவிலில் போய் ஒரு பரிகாரம் செய்துவிடு என்றாள். "எதுக்கு, ஐஸ் பெட்டிக்கா?" என்று கேட்டு அனுப்பினேன். எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். அவர் போன் வர ஒரு வேளை தாமதமானாலும் தென்னை மூட்டைத்தான் பார்ப்பேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. கறியில் ஒரு திட்டு விழுந்ததற்காக என் புருஷன் தலைக்கு மேலே ஊரே ஒரு கத்தியைத் தொங்கவிட்டுவிட்டுப் போகுமா? நான் விடுவேனா?

சீசன் வந்தது. பெட்டியைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய்க் கழுவும்போது, அடியில் போன வருஷத்து ஐஸ்கிரீம் டப்பா ஒன்று கிடந்தது. டப்பா மூடியின் உள்பக்கம் முழுக்கப் பனி முடி முடியாக வளர்ந்திருந்தது. கீழே ஐஸ்கிரீம் சுருங்கி, பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பனி எங்கிருந்து வந்தது? வெளித் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. ஐஸ்கிரீமில் இருந்த தண்ணீர்தான் மேலே ஏறி மூடியில் ஒட்டியிருக்கிறது. அப்படியானால் கறிக் கவரில் கிடந்த பொடிப் பனியும் கறியின் தண்ணீர்தான்.

உறைந்த தண்ணீர் உருகாமல் எப்படி வெளியே வரும் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கச் சூட டப்பாவைத் திறந்தேன். போன மாதம் முழுசாக இருந்த வில்லை சிறுத்துப் போயிருந்தது. சூடம் உருகியா குறைகிறது? ஒரு சொட்டு ஈரம் இருக்காது, ஆனாலும் காற்றில் போய்க்கொண்டேதான் இருக்கும். ஐஸும் அப்படித்தான். கறியைச் சுற்றிக் காற்று இருந்தால் ஐஸ் அந்தக் காற்றில் போய்விடும், போன இடம் காய்ந்து வெளுக்கும். திறந்து திறந்து மூடினால், சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு இன்னும் வேகமாகப் போகும். போனில் தேடினால் இதற்கு ஃப்ரீசர் பர்ன் என்று பேரே இருக்கிறது. தின்றால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ருசிதான் போயிருக்கும் என்றும் போட்டிருந்தது. உலகம் முழுக்க உள்ளவனுக்குக் கறி வெளுக்கிறது. அத்தனை பேருக்குமா சுடலைமாடன் கோபம்?

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் சொன்னேன். "அத்த, அது காஞ்சு போச்சி. அவ்வளவுதான். உப்புக்கண்டத்தையும் நாம காயத்தானே வைக்கோம்? அது காஞ்சா பண்டம், இது காஞ்சா குத்தமா?"

அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார், "உப்புக்கண்டம் நாம காய வைக்கது. இது தானா காஞ்சது."

அதற்கு இந்த வருஷக் கூறு பதில் சொல்லட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

ஆவணிக் கொடை முடிந்து கூறு வந்ததும் நான் யாரையும் தொட விடவில்லை. கழுவின கறியை வெள்ளைத் துணியில் ஒற்றி, ஈரம் இல்லாமல் துடைத்தேன். ஒரு வேளைக்கு ஆகிற அளவு மட்டும் எடுத்து, கனமான கவரில் போட்டேன். அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, கவரின் வாயை மட்டும் மேலே பிடித்துக்கொண்டு கறியைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கினேன். தண்ணீர் அமுக்க அமுக்கக் காற்றெல்லாம் வெளியே போய், கவர் கறியோடு தோலாக ஒட்டிக்கொண்டது. அப்படியே வாயை இறுக்கி, அதன்மேல் இன்னொரு கவர் சுற்றினேன். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "என்னட்டி, கறிக்கு ஞானஸ்நானமா?" என்றாள். "ஆமா, நீங்களும் வேணா ஒரு முங்கு போடுங்க" என்றேன். பெட்டியின் அடியில் தட்டையாக வைத்து, மேலே காலி இடமெல்லாம் தண்ணீர் பாட்டில்களால் அடைத்தேன். பெட்டி நிறைந்திருந்தால் கரண்ட் போனாலும் குளிர் சீக்கிரம் இறங்காது. கடை வைத்துக் கற்ற பாடம் அது.

பிறகு மூடியைச் சாத்திப் பூட்டினேன். சாவியைத் தாலிச் செயினில் கோத்தேன்.

மாமியார் பார்த்துக்கொண்டே நின்றார். "என் வீட்டுல எனக்கே பூட்டா?"

"வீடு ஒங்களுது. பெட்டி என்னுது. அவுக வந்து தெறப்பாக. அதுவரைக்கும் நானும் தெறக்க மாட்டேன், யாரும் தெறக்கக் கூடாது."

"புரட்டாசி வருது. மாமா மாலை போடுவாக. கறிய எங்க கொண்டு வைப்பே?"

"கறி எங்கயும் போகாது. பெட்டியே போகும்."

சொன்னபடி செய்தேன். மாடு இல்லாத தொழுவம் வாசலுக்கு வெளியே சும்மாதான் கிடந்தது. விறகைத் தள்ளி வைத்து, தரையைச் சமப்படுத்தி, ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து லைன் இழுத்து, பெட்டியை அங்கே நிறுத்தினேன். மாமனாரிடம் போய்க் கேட்டேன். "வீட்டுக்குள்ள இல்லல்லா? அது போதும்" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். மாமியாருக்கு அந்தக் கோபம் வேறு. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. புரட்டாசி போனது, சஷ்டி போனது, மாலை போட்டு இருமுடியும் கட்டியாயிற்று. கறி இருந்த இடத்திலேயே இருந்தது.

தையில் லீவு இல்லை என்று என் வீட்டுக்காரர் போன் செய்தார். மலையில் பனி அதிகமாம், வழி அடைத்துவிட்டதாம், மாசியில் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு போனே இல்லை. முதலில் சிக்னல் இருக்காது என்று சொல்லிக்கொண்டோம். பிறகு அதையும் சொல்லவில்லை. பொங்கல் பானை வைத்தோம், பால் பொங்கிற்று, யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு மத்தியானம் நான் தொழுவத்தில் விறகு எடுக்கப் போனபோது மாமியார் பின்னாலேயே வந்தார். தலை முடியாமல், கண் உள்ளே போய், ஆளே பாதியாக இருந்தார்.

"ஏட்டி, சாவியக் குடு."

"எதுக்கு அத்த?"

"ஒரே ஒரு தடவ பாத்துக்கிடுதேன். செவப்பா இருந்தா அவன் நல்லாருக்கான். பாத்துட்டு மூடிருதேன்."

அன்று காலையிலிருந்து என் மனசிலும் அதே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. சூடமும் பனியும் எல்லாம் படித்தவள் நான், எனக்கும் திறந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. வெளுத்திருந்தால்? அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. வெளுத்திருந்தால் நானும் இவரைப் போலத் தென்னை மூட்டில் குழி தோண்டுவேனா? தோண்ட மாட்டேன் என்று என்னால் அன்றைக்குச் சத்தியம் செய்ய முடியாது.

"தர மாட்டேன். தெறந்தாதான் வெளுக்கும். போன தடவையும் நீங்க பாக்கப் பாக்கத்தான் வெளுத்துச்சி."

"நான் வெளுக்க வச்சேங்கியா?" அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பெத்தவ நானா எம் பிள்ளைய..."

"பிள்ளைய இல்ல அத்த. கறிய. கறிய மட்டும்தான். ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க."

அவர் அழுதார். நான் சமாதானம் சொல்லவில்லை. சொன்னால் சாவியைக் கொடுத்துவிடுவேன் என்று தெரியும். பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். எனக்குக் கீழே மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது, அந்த உறுமல் தொடை வரைக்கும் ஏறியது. அவர் தரையிலும் நான் பெட்டி மேலும் வெகுநேரம் இருந்தோம். மாமனார் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்த வாரத்திலேயே போன் வந்தது. "இங்க நானே ஃப்ரீசருக்குள்ளதான் இருக்கேன்" என்று அவர் சிரித்தார். மாமியார் போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்த பிறகு என்னைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கான். ஆனா கறியப் பாக்கணும்" என்றார். மனுஷி மாறவே இல்லை.

மாசியில் என் வீட்டுக்காரர் வந்தார். இந்தத் தடவையும் முகத்தில் திட்டுதான். குளித்துச் சாப்பிட்டு முடித்ததும் சாவியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். எல்லோரும் தொழுவத்துக்குப் போனோம். அவர் பூட்டைத் திறந்து, பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அடியிலிருந்து கவரை எடுத்தார்.

சிவப்பு. கடையில் வெட்டி வைத்த கறி போலச் சிவப்பு. கவருக்குள் ஒரு பொட்டுப் பனி இல்லை. "பாத்தீங்களா!" என்று நான் தொழுவம் அதிரக் கத்தினேன். தெருவே கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

மாமியார் கவரை வாங்கித் திருப்பினார். அவர் கண் அங்கேதான் போகும். ஒரு மூலையில் எலும்பு முனை குத்தி, இரண்டு கவரிலும் ஊசித் துவாரம் விழுந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளை.

மாமியார் அந்த வெள்ளையைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். "விடும்மா" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டிவிட்டது. இத்தனை பாடு பட்டும் ஒரு எலும்பு என்னைத் தோற்கடிப்பதா?

கவரைப் பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். ஐஸ் இளகினதும், வெள்ளையாக இருந்த துண்டை மட்டும் அரிந்து எடுத்தேன். தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் விட்டு, உப்பும் மிளகும் போட்டு, அதை வறுத்தேன். மாமனாரும் என் வீட்டுக்காரரும் வாசல் நிலையில் வந்து நின்றார்கள். "எல்லாரும் பாருங்க. இது காஞ்ச கறி. வேற ஒண்ணும் கெடையாது" என்று சொல்லி, கரண்டியிலிருந்து எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன்.

மாமியார் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். தட்டிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்தத் துண்டைப் பிய்த்துப் பெரிய பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

அது ஒன்றுமே இல்லை என்று காட்டுவதற்காக மீதியை நான் தின்றேன். அவர் அதை அப்படி நினைத்துத் தின்னவில்லை. அதில் ஏதோ இருக்கிறது, அது மகன் வயிற்றுக்குப் போகக் கூடாது, தன் வயிற்றுக்கு வரட்டும் என்று தின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நானும் மென்றேன். நார் நாராக, சத்தே இல்லாமல், விழுங்கவே முடியவில்லை.

"எம்மா, எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டார்.

மாமியார் கஷ்டப்பட்டு விழுங்கினார். கண்ணைத் திறந்து, உரிந்த கன்னத்தோடு நின்ற மகனை ஒரு தடவை பார்த்தார்.

"சக்கையா இருக்குலே. நீ நல்லதத் தின்னு."